கரை தெரியாமல் 40 நாள்: தூத்தூர் படகுகளில் யார், எப்போது தூங்குகிறார்கள்?

மாலத்தீவு ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு 'லிவ்அபோர்டு' என்ற வார்த்தை புதிதல்ல. கரையில் ரிசார்ட் எடுக்காமல், படகிலேயே ஒரு வாரம் தங்கி, தினமும் மூன்று நான்கு முறை ஸ்கூபா டைவ் அடித்துவிட்டு வருகிற சுற்றுலா அது. எழு, டைவ் அடி, சாப்பிடு, தூங்கு, மறுபடி டைவ் அடி. இதுதான் டைம்டேபிள். கேபினில் ஏசி, மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, தண்ணீரிலிருந்து ஏறினால் கையில் டவலும் சூடாக டீயும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற வேண்டும் என்பதால், கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. ஸோ, கடைசி நாள் முழுக்க ரெஸ்ட்.

அதே கடல் பக்கம், இதைவிட ஆறு மடங்கு நாட்கள் படகிலேயே வாழ்ந்துவிட்டு வருகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டம் புதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஏசி கிடையாது, ரெஸ்ட் கிடையாது, பல படகுகளில் கழிப்பறைகூட தனியாகக் கிடையாது. தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்களைப் பற்றித்தான் பேச்சு. 10 முதல் 15 பேர், ஒரே படகு, சில சமயம் 40 நாளைத் தாண்டும் பயணம். அந்தப் படகுக்குள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது, அதில் எது ஆபத்து?

எங்கிருந்து கிளம்புகிறார்கள்?

மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை வழியாகப் போகும் பஸ், தேங்காப்பட்டணத்தில் கடலைத் தொடும். குழித்துறை தாமிரபரணி கடலில் சேருமிடம் அது. ஆற்றுக்கு மேற்கே கேரள எல்லை வரை, நெருக்கமாக எட்டு மீனவக் கிராமங்கள்: இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. சுறா பிடிப்பதில் இந்தக் கரைக்கு இந்தியா முழுக்கப் பெயர் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இவர்களின் பெரிய படகுகளில் பல, சொந்த ஊரில் நிற்பதே இல்லை. தேங்காப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஆனால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருப்பதும், அங்கே அலையில் படகுகள் கவிழ்வதும் பழைய பிரச்சினை. அதனால் கொச்சி, முனம்பம், பேப்பூர், மங்களூர் என்று வடக்கே போய் அங்கிருந்துதான் கடலுக்கு இறங்குகிறார்கள். அதாவது, கடலுக்குப் போவதற்கு முன்பே ஒரு ராத்திரி ரயிலோ பஸ்ஸோ. வீட்டுக்காரர் கிளம்பிப் போவதைக் கரையில் நின்று பார்க்கும் காட்சியெல்லாம் சினிமாவில்தான்.

இன்னொரு விநோதம், தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு காலண்டர். தூத்தூர் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் வரும். ஆகஸ்ட் தொடங்கினால் படகுகள் கிளம்பும்.

பயணத்தை முடிவு செய்வது ஐஸ்

படகின் நீளம் பொதுவாக 60 முதல் 80 அடி. ஒன்றரை முதல் இரண்டு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதில் முக்கால்வாசி இடம் மனிதர்களுக்கு இல்லை. அடித்தளத்தில் எஞ்சின், பல ஆயிரம் லிட்டர் டீசல், குடிதண்ணீர் டேங்க், அப்புறம் மீனும் ஐஸும் போடும் அறைகள். பின்பக்கம் வீல்ஹவுஸ். அதன் அடியிலோ பின்னாலோ ரயில் பெர்த் மாதிரி பலகைகள். ஒரு ஆள் புரண்டு படுக்கிற அகலம். படகை ஓட்டிச் செல்பவரை 'ஸ்ராங்கு' என்பார்கள். எங்கே போவது, எப்போது வலை இறக்குவது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் முடிவு.

ஆனால் அவரையும் ஆட்டிவைப்பது ஐஸ். கிளம்பும்போது ஏற்றிய ஐஸ் கட்டிகள் எத்தனை நாள் தாங்குமோ, அத்தனை நாள்தான் பயணம். முதல் வாரம் பிடித்த மீன், கரை சேரும்போது நாலைந்து வாரப் பழசு. ஐஸ் சரியாகப் போடாவிட்டால் விலை பாதியாகிவிடும். அதனால் வெயிலில் ஐஸ் அறையின் மூடியைத் திறந்து வைத்தால் திட்டு நிச்சயம். வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் இங்கே பிழைக்க முடியாது.

அடுத்தது தண்ணீர். லிவ்அபோர்டு படகுகளில் கடல்நீரை நன்னீராக்கும் மெஷின் இருக்கும், ஷவரில் குளிக்கலாம். இங்கே டேங்கில் இருப்பது குடிக்கவும் சமைக்கவும். குளியல், பாத்திரம், துணி எல்லாம் வாளியில் மொண்ட கடல்நீரில். மழை பெய்தால் அன்றைக்குக் கொண்டாட்டம், எல்லாரும் தளத்துக்கு வந்துவிடுவார்கள்.

சாப்பாடு? சோறும் மீன் குழம்பும். கிழங்கு வாங்கி வந்திருந்தால் மரச்சீனியும். காய்கறி முதல் பத்து நாள் வரும். அதற்குப் பிறகு வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு. பால் கிடையாது என்பதால் கட்டன் சாயா. படகு ஆடும்போது அடுப்பில் உலை வைத்து 12 பேருக்கு வடிப்பது ஒரு தனித் திறமை. பெரும்பாலும் படகிலேயே வயதில் சின்னவருக்கு அந்த வேலை வந்து விழும். மீன்பிடி வேலையும் அவருக்கு உண்டு.

இப்போதெல்லாம் இந்த 12 பேரும் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். கடலையே முதல் தடவையாகப் பார்த்த வருடத்திலேயே ஆழ்கடலுக்குப் போனவர்களும் உண்டு. படகின் பாஷை தமிழ், மலையாளம், இந்தி மூன்றும் கலந்த ஒன்று.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஒரு நாள் என்று எடுத்துக்கொள்வதே தப்பு. அங்கே பொழுது 24 மணி நேரத்தால் பிரிவதில்லை. வலையும் தூண்டிலும் தண்ணீரில் கிடக்கும் நேரத்தால் பிரிகிறது.

தூண்டில் என்றால் குளக்கரையில் உட்கார்ந்து போடும் தூண்டில் அல்ல. கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு தாய்க்கயிறு. அதில் இடைவெளி விட்டு விட்டுத் தொங்கும் கிளைக்கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் முள், முள்ளில் இரை. நூற்றுக்கணக்கான முள்ளில் ஒவ்வொன்றாக இரை குத்தி, சிக்கல் விழாமல் கடலில் விடுவதற்கே சில மணி நேரம் ஆகும். பிறகு காத்திருப்பு. பிறகு இழுவை. எந்த மீன், நிலா எப்படி, நீரோட்டம் எப்படி என்பதைப் பொறுத்து நேரம் மாறும். சாயங்காலம் இறக்கிவிட்டு நடுராத்திரிக்கு மேல் இழுப்பது சாதாரணம். சுறா, கேரைச் சூரை, மயில் மீன் என்று பெரிய மீன் ஏறினால், அதை அடக்கி, குடல் எடுத்து, கழுவி, ஐஸில் இறக்க வேண்டும். மீன் நிறைய ஏறினால் ஒரு நாள், ஒன்றரை நாள்கூடத் தூக்கமில்லாமல் போகும். ஏறாவிட்டால் அடுத்த இடத்துக்கு ஓட்டம். அந்த ஓட்டத்தில்தான் எல்லாரும் தூங்குவார்கள்.

மாலத்தீவில் ஒருவர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தண்ணீருக்குள் முட்டிபோட்டுக் காத்திருந்து பார்க்கும் சுறா, இங்கே ஒரு குடும்பத்தின் ஸ்கூல் ஃபீஸ். இதில் யார் நல்லவர் என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. திமிங்கலச் சுறா 2001-லேயே பாதுகாக்கப்பட்ட இனமானது. துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலை வீசுவதற்கு 2013-ல் தடை வந்தது. சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-ல் தடை. இந்தியப் பெருங்கடலில் பல சுறா இனங்கள் குறைந்துவிட்டன என்பதும் நிஜம். இந்த எட்டு ஊர்களின் வருமானம் அதையொட்டி அடிவாங்கியதும் நிஜம். மீன் தேடி இன்னும் தூரம், இன்னும் நாள் என்று பயணம் நீள்கிறது. அப்படிப் போய், டீகோ கார்சியா பக்கம் பிரிட்டிஷ் கட்டுப்பாட்டிலுள்ள கடலுக்குள் நுழைந்து பிடிபட்டு, அபராதம் கட்டிய படகுகளும் உண்டு.

சம்பளம் என்று ஒன்று கிடையாது, பங்குதான். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாமான் செலவைக் கழித்துவிட்டு, மிச்சம் படகுக்கும் ஆட்களுக்கும் பிரியும். ஒரு பயணத்தின் செலவே பல லட்சம். மீன் இல்லாமல் திரும்பினால் 40 நாள் வேலைக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வருவது புரியும்.

24 நிமிடம்

அலையும் சுறாவும் பெரிய ஆபத்துதான். ஆனால் இந்தக் கரை திரும்பத் திரும்ப ஆட்களை இழந்தது வேறொன்றில்: எல்லாரும் அசந்து தூங்கும் ராத்திரி நேரத்தில்.

2018 ஆகஸ்ட் 7, விடியற்காலை. முனம்பத்திலிருந்து போன 'ஓஷியானிக்' என்ற படகின் மீது ஒரு சரக்குக் கப்பல் மோதியது. படகில் 14 பேர், பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 2 பேர். 2021 ஏப்ரலில் பேப்பூரிலிருந்து போன படகு ஒன்று மங்களூருக்கு மேற்கே நடுராத்திரி தாண்டிய நேரத்தில் சரக்குக் கப்பலோடு மோதியது. அதிலும் 14 பேர், பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மீண்டவர்கள் அங்கேயும் 2 பேர்தான்.

அரபிக்கடலின் இந்தப் பகுதி, வளைகுடாவுக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல்கள் ஓடும் ஹைவே. சரி, கப்பல் வருவதை முன்கூட்டியே பார்க்க முடியாதா? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சர்வதேசக் கடல் விதிப்படி, 50 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலின் கொடிமர விளக்கு 6 கடல் மைல் தூரத்துக்காவது தெரிய வேண்டும். அதாவது சுமார் 11 கிலோமீட்டர். கப்பல் 15 நாட் வேகத்தில் வந்தால், விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து படகை எட்ட 24 நிமிடம். அதற்குள் ஒருவர் பார்க்க வேண்டும், தன் பக்கம்தான் வருகிறது என்று புரிய வேண்டும், ஸ்ராங்கை எழுப்ப வேண்டும், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். தூண்டில் கயிறு வெளியே கிடந்தால் அதை வெட்டிவிடுவதா என்ற முடிவும் எடுக்க வேண்டும். வெட்டினால் லட்சக்கணக்கில் நஷ்டம்.

இப்போது கப்பலிலிருந்து பார்க்கலாம். வலையோ தூண்டிலோ போட்டிருக்கும் படகு, மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக விளக்கு போட வேண்டும். 'நான் தொழிலில் இருக்கிறேன், நீ விலகிப் போ' என்று அதற்கு அர்த்தம். இந்த அளவுப் படகுகளுக்கு அந்த விளக்கு தெரிய வேண்டிய குறைந்தபட்ச தூரம் 2 கடல் மைல்தான். அதே வேகத்தில் 8 நிமிடம். பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் நினைத்த இடத்தில் திரும்பவோ நிற்கவோ செய்யாது. மர, ஃபைபர் படகுகள் ரேடாரிலும் மங்கலாகத்தான் தெரியும். இரும்புப் படகு கொஞ்சம் தேவலை. மழை இருந்தால் இந்த 24-ம் 8-ம் இன்னும் சுருங்கும்.

ஆக, விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. தொழிலில் இருக்கும் படகுக்குக் கப்பல் வழிவிட வேண்டும். சின்னதோ பெரியதோ, ஒவ்வொரு கலத்திலும் எந்நேரமும் ஒருவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இதில் முதல் விதியைக் கப்பல் மீறினால் அடிபடுவது படகு. இரண்டாவது விதியைப் படகு மீறினாலும் அடிபடுவது படகுதான். அதனால்தான் படகில் ராத்திரி முறை வைத்து ஒருவரையோ இருவரையோ காவலுக்கு உட்கார வைக்கிறார்கள். பிரச்சினை, அந்த ஆளும் பகல் முழுக்க எல்லாரோடும் சேர்ந்து கயிறு இழுத்தவர் என்பதுதான். விமான பைலட்டுக்கும் ரயில் டிரைவருக்கும் இத்தனை மணி நேர ஓய்வு என்று எழுதி வைத்திருக்கிறோம். பங்குக்குப் போகும் படகில் அதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

காவல் ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லிவ்அபோர்டு உலகத்திலேயே ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. 2019 செப்டம்பர் 2, கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகில் ராத்திரி தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். மேலே தூங்கிய 5 ஊழியர்கள் தப்பினார்கள். ராத்திரி ரோந்து என்று யாரையும் விழித்திருக்க வைக்காததுதான் விசாரணையில் முக்கியமாகச் சொல்லப்பட்டது. கேப்டனுக்கு 2024-ல் 4 வருட சிறை. பணக்கார நாட்டு உல்லாசப் படகானாலும் குமரி மாவட்ட மீன்பிடிப் படகானாலும் கேள்வி ஒன்றுதான்: இப்போது யார் முழித்திருக்கிறார்கள்?

எச்சரிக்கை வந்தால் திரும்பிவிடலாமே?

2017 நவம்பரில் ஒக்கி வந்தபோது டிவி விவாதங்களில் இதைத்தான் கேட்டார்கள். 'புயல்னு தெரிஞ்சும் ஏன் கடலுக்குப் போனாங்க?' ஆழ்கடல் படகுகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே பொருந்தாது. அவர்கள் போனது புயலுக்குப் பல நாட்களுக்கு முன்பு.

நவம்பர் 29 காலையில் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30-ம் தேதி காலையில் புயல். இடைவெளி 24 மணி நேரம். 300 கடல் மைல் தள்ளி இருக்கும் படகு, மணிக்கு 7 நாட் வேகத்தில் நிற்காமல் ஓடினால் கரைக்கு வர 43 மணி நேரம் ஆகும். 29-ம் தேதி காலையிலேயே செய்தி கையில் கிடைத்திருந்தாலும் நேராகக் கரை திரும்ப முடிந்திருக்காது. ஆனால் புயல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருந்தால் விலகி வேறு திசையில் ஓடியிருக்கலாம். அந்தச் செய்திதான் போய்ச் சேரவில்லை.

காரணம் எளிது. செல்போன் டவர் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கைவிட்டுவிடும். படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ, படகுக்குப் படகு 20, 30 கிலோமீட்டர் எட்டும். அதனால்தான் ஒரே ஊர்ப் படகுகள் கூட்டமாகப் போவதும், செய்தியை ஒரு படகு அடுத்த படகுக்குக் கைமாற்றுவதும். சங்கிலியில் ஒரு படகு தூரம் போனால் செய்தி அங்கேயே நின்றுவிடும். சாட்டிலைட் போன்? வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் துராயா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். பிஎஸ்என்எல் மூலம் முறையாகக் கிடைப்பவை உண்டு, விலைதான் இடிக்கும்.

ஒக்கியில் தூத்தூர் பக்கத்து ஊர்கள் இழந்தவர்கள் நூற்றுக்கும் மேல். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. தப்பிய படகுகள் லட்சத்தீவு, கர்நாடகா, மகாராஷ்டிரா என்று எங்கெங்கோ கரை ஒதுங்கின. தன் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியவே பல நாள் ஆனது. மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

மாறியிருக்கிறது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. சாட்டிலைட் வழியாக 300 கடல் மைல் வரை வானிலைச் செய்தியைப் படகுக்குக் கொடுக்கும், செல்போனில் படிக்கலாம். ஆனால் ஒருவழிப் பாதை. படகிலிருந்து 'சரி, கேட்டுச்சு' என்றுகூடச் சொல்ல முடியாது.

அடுத்தது இஸ்ரோவின் இருவழி ட்ரான்ஸ்பாண்டர். படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும், ஆபத்தென்றால் படகிலிருந்து பட்டனை அழுத்தலாம், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் வரும். நாடு முழுக்க 1 லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கப்பட்டது. ஒக்கி நேரத்தில் இது இருந்திருந்தால் எத்தனை பேர் விலகி ஓடியிருப்பார்கள் என்று இந்த ஊர்களில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

கப்பல் மோதலுக்கு இது மருந்தல்ல. அதற்கு ஏஐஎஸ் வேண்டும். படகின் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் காட்டும் கருவி. 20 மீட்டருக்கு மேல் நீளமான மீன்பிடிப் படகுகளுக்கு இந்தியாவில் இது கட்டாயம். 60 அடிப் படகு என்பது 18 மீட்டர் சொச்சம்; அது விதிக்கு வெளியே போய்விடும். விதிக்குள் இருப்பவர்களும் மீன் கிடைக்கும் இடம் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும் என்று அணைத்து வைப்பது உலகம் முழுக்கவே உள்ள பழக்கம். இவ்வளவு ஆன பிறகும் அதைச் செய்வது தற்கொலைக்குச் சமம் என்று மூத்த ஸ்ராங்குகளே சொல்லிக்கொடுத்தால் நல்லது. அதிகாரி சொன்னால் அபராதம் என்றுதான் காதில் விழும்.

கரையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. படகு கொச்சியிலிருந்து கிளம்புகிறது, முதலாளி ஒரு ஊர், ஆள் ஒரு ஊர், கூட வேலை செய்பவர் வங்காளம் என்றால், விபத்து நடந்த அன்றைக்கு யார் யார் படகில் இருந்தார்கள் என்ற பட்டியலே சண்டையாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் படகின் பெயர், பதிவு எண், கிளம்பும் துறைமுகம், தேதி, கூடப் போகிறவர்களின் பெயர், பக்கத்தில் தொழில் செய்யும் இரண்டு படகுகளின் பெயர் ஆகியவற்றை வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். கடலில் ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படை எண் 1554. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.